த்ராட்டிலுக்கு எஞ்சின் கட்டுப்படவில்லையா? வீட்டில் கட்டிய சிறு விமானத்துக்கான படிப்படிச் சோதனை

தென்னாப்பிரிக்காவில் கிட் (பாகத் தொகுப்பு) வாங்கித் தானே கட்டிய விமானம், அல்லது வேறொருவர் கட்டி முடித்து விற்ற விமானம் உங்களிடம் இருக்கிறது. த்ராட்டிலை, அதாவது எஞ்சினின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் பிடியை, தள்ளினால் ஆர்.பி.எம். (நிமிடச் சுழற்சி) ஏறத் தயங்குகிறது. இழுத்தால் ஐடிலுக்கு (குறைந்தபட்ச ஓட்டத்துக்கு) இறங்க மறுக்கிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் எஞ்சின் உதறுகிறது. இப்படி ஏதாவது ஒன்று இருந்தால் கீழே உள்ளதை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். ராட்டாக்ஸ் 912 வகை எஞ்சினை மனதில் வைத்தே பெரும்பகுதி எழுதப்பட்டிருக்கிறது. லைகமிங் எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு வேறுபடும் இடங்களைச் சொல்லியிருக்கிறேன்.

வரிசை ஏன் முக்கியம்? உங்கள் கட்டளை எஞ்சினுக்குப் போகும் வழி இது: கையில் பிடிக்கும் த்ராட்டில் பிடி, கேபிள், காற்றையும் எரிபொருளையும் கலக்கும் கார்புரேட்டரில் உள்ள லிவர், அதற்குப் பிறகுதான் காற்று, எரிபொருள், தீப்பொறி. புதியவர்கள் பெரும்பாலும் நடுவில் புகுந்து மிக்சர் (கலவை) திருகைத் திருப்புகிறார்கள். அதோடு பழைய நிலை எது என்ற தடயமும் போய்விடுகிறது. கேபிளில் இருக்கும் கோளாறை மிக்சர் திருகால் சரிசெய்யவே முடியாது. கொஞ்ச நேரம் மறைக்க முடியும், அது இன்னும் மோசம்.

1. கௌலிங்கை (எஞ்சின் மூடியை) திறக்கும் முன்

இக்னிஷன் ஆஃப், சாவி உங்கள் சட்டைப்பையில். எரிபொருள் வால்வு மூடியிருக்க வேண்டும். சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். எஞ்சினை ஓட்டிப் பார்க்கும் கட்டம் வரும்போது வாலையும் தரையில் கட்டுங்கள்.

இக்னிஷனை ஆஃப் செய்தால் தீப்பொறி நின்றுவிடும் என்று நம்பாதீர்கள். சுவிட்சிலிருந்து இக்னிஷனுக்குப் போகும் கிரவுண்ட் கம்பி அறுந்திருந்தால், சுவிட்ச் ஆஃப் நிலையிலும் தீப்பொறி உயிரோடுதான் இருக்கும். அந்த நிலையில் ப்ரொப்பெல்லரைக் கையால் திருப்பினால் எஞ்சின் பிடித்துக்கொள்ளக்கூடும். ஆகவே எந்த நேரமும் ப்ரொப்பெல்லர் சுழலும் வட்டத்துக்கு வெளியே நில்லுங்கள். அருகில் பிள்ளைகள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் யாரும் வேண்டாம்.

எஞ்சின் ஓடும்போது காற்றுக் கசிவைக் கண்டுபிடிக்க ரப்பர் இணைப்புகளில் ஸ்ப்ரே அடிக்கும் வழக்கம் கார் ஒர்க்‌ஷாப்பில் உண்டு. இங்கே அதைச் செய்ய வேண்டாம். சுழலும் ப்ரொப்பெல்லருக்கு ஒரு முழம் பின்னால் எரியக்கூடிய திரவத்தைப் பீய்ச்சுவது எந்தக் கோளாறுக்கும் தகுந்த விலை அல்ல.

2. ஸ்நாக்கை (கோளாறுக் குறிப்பை) முழுதாக எழுதுங்கள்

"எஞ்சின் சரியில்லை" என்பது ஸ்நாக் அல்ல. மெக்கானிக்கோ ஏ.பி.யோ, அதாவது சிவில் ஏவியேஷன் அதாரிட்டி அங்கீகரித்த அப்ரூவ்டு பர்சன், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. எழுத வேண்டியவை: எந்த ஆர்.பி.எம்.மில் வருகிறது, த்ராட்டிலை ஏற்றும்போதா இறக்கும்போதா, எஞ்சின் குளிர்ந்திருந்ததா சூடாக இருந்ததா, ஆயில் வெப்பம், எரிபொருள் அழுத்தம், எந்த டேங்க், என்ன எரிபொருள், எந்த ஏர்ஃபீல்ட், வெளி வெப்பநிலை, கடைசியாக எஞ்சினில் யார் எதைத் தொட்டார்கள்.

இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சர்வீஸ் முடிந்த முதல் பறப்பில் தோன்றும் கோளாறுக்குக் காரணம் பெரும்பாலும் அந்த சர்வீசில்தான் இருக்கும்: இழுக்கப்பட்ட கேபிள், திரும்ப மாட்டாத வென்ட் (காற்றுப் போக்கு) குழாய், முறுக்க மறந்த கிளாம்ப். அங்கிருந்தே தேடத் தொடங்குங்கள்.

3. இது கோளாறுதானா, உயரமா?

டர்பன் கடற்கரையில் விர்ஜீனியா ஏர்போர்ட் ஏறக்குறைய கடல் மட்டத்தில் இருக்கிறது. ஜெர்மிஸ்டனில் உள்ள ராண்ட் ஏர்போர்ட் சுமார் 5,480 அடி உயரத்தில். ஒரே விமானம், ஒரே எஞ்சின், இரண்டு இடங்களிலும் வெவ்வேறாக நடந்துகொள்ளும். இதைத் தெரியாமல் கேபிளைக் கழற்றியவர்கள் நிறைய.

லைகமிங் எஞ்சினில் மானிஃபோல்ட் பிரஷர் மீட்டர் (எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தைக் காட்டுவது) இருந்தால், டர்பனில் முழு த்ராட்டிலில் 28, 29 அங்குலம் (பாதரச அளவு) பார்த்துப் பழகியிருப்பீர்கள். ராண்டில் முழு த்ராட்டிலில் 24 அங்குலத்தைத் தாண்டாது. த்ராட்டில் முழுதாகத் திறக்கவில்லை என்று பதற வேண்டாம். எஞ்சின் நிற்கும்போது அந்த மீட்டர் வெளிக்காற்றின் அழுத்தத்தைத்தான் காட்டும். எஞ்சின் ஆஃப் நிலையில் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு முழு த்ராட்டிலில் படியுங்கள். வித்தியாசம் ஓர் அங்குலம் அளவில் இருந்தால் த்ராட்டில் திறக்கிறது. மூன்று, நான்கு அங்குலம் குறைந்தால் மட்டும் கேபிளையும் ஏர்ஃபில்டரையும் சந்தேகியுங்கள்.

அதே லைகமிங்கில், ராண்ட் இருக்கும் ஹைவெல்ட் உயர்நிலத்தில், மிக்சரை முழு ரிச்சில் (எரிபொருள் மிகுந்த நிலையில்) வைத்து ரன்-அப் (பறக்கும் முன் தரைச் சோதனை) செய்தால் எஞ்சின் கரகரக்கும், தீப்பொறி தரும் மேக்னெட்டோக்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்கும் சோதனையில் ஆர்.பி.எம். இறக்கம் அதிகமாகத் தெரியும். முதலில் மிக்சரை லீன் செய்து (எரிபொருளைக் குறைத்து) எஞ்சின் சீரான பிறகு அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். ராட்டாக்ஸ் 912-ல் உள்ள பிங் கார்புரேட்டர்கள் உயரத்துக்கு ஏற்ப ஓரளவு தாமாகவே சரிசெய்துகொள்ளும். அங்கே கரகரப்பு வந்தால் உயரத்தின் மேல் பழி போடாதீர்கள்.

டர்பன் பக்கம் இன்னொன்று. ஈரப்பதம் நிறைந்த காற்றில், வெளியே 20 டிகிரி இருந்தாலும், த்ராட்டில் குறைவாக இருக்கும்போது கார்புரேட்டருக்குள் பனி படியும். அடையாளம்: த்ராட்டிலைத் தொடாமலே ஆர்.பி.எம். மெதுவாக இறங்கிக்கொண்டே போகும். கார்ப் ஹீட் (கார்புரேட்டருக்குச் சூடான காற்று) கொடுத்தால் முதலில் இன்னும் இறங்கி, சற்று உதறி, பிறகு ஏறும். அப்படி ஏறினால் அது பனிதான்.

4. காகிதங்கள்: திருகைத் திருப்பும் முன் மேசையில் இருக்க வேண்டியவை

எஞ்சின் லாக்புக், ஏர்ஃப்ரேம் லாக்புக், ப்ரொப்பெல்லர் லாக்புக், நடப்பிலுள்ள ஆத்தாரிட்டி டு ஃப்ளை (பறக்கும் அனுமதி), கிட் தயாரிப்பாளரின் கட்டுமானக் கையேடு, எஞ்சினின் ஆபரேட்டர் மேனுவல், மெயின்டெனன்ஸ் மேனுவல். எஞ்சின் வரிசை எண்ணை வைத்து உற்பத்தியாளரின் சர்வீஸ் புல்லட்டின்களை (பராமரிப்பு அறிவிப்புகளை) தேடி எடுங்கள், அவை இலவசம். உங்கள் கார்புரேட்டருக்கு மிதவைகள் (உள்ளே எரிபொருள் மட்டத்தைக் காப்பவை) பற்றிய புல்லட்டின் இருந்தால் அது இந்தக் கட்டுரையைவிட மேலானது.

தென்னாப்பிரிக்க சிவில் ஏவியேஷன் விதிகளில், வீட்டில் கட்டிய விமானங்கள் டைப் சர்டிஃபிகேட் (வடிவமைப்புச் சான்று) இல்லாத விமானங்களுக்கான பார்ட் 24-ன் கீழும், அவற்றின் பராமரிப்பு பார்ட் 44-ன் கீழும் வருகின்றன. எந்த வேலையை நீங்களே செய்து கையெழுத்திடலாம், எதற்கு ஏ.பி.யின் கையெழுத்து வேண்டும் என்பதை வேலை முடிந்த பிறகு கேட்காதீர்கள். தொடங்கும் முன்பே தொலைபேசியில் கேளுங்கள். விமானத்தை நீங்கள் கட்டவில்லை, விலைக்கு வாங்கினீர்கள் என்றால் இது இன்னும் அவசியம்.

பழுதான பாகத்துக்குப் பதில் அதே எண்ணுள்ள பாகத்தைப் போடுவது ஒன்று. வேறு வகை கார்புரேட்டர், வேறு இக்னிஷன், வேறு ஈ.சி.யூ. (எஞ்சின் கணினி) போடுவது முற்றிலும் வேறு. பின்னது மாற்றம். அதற்கு முன் அனுமதி பற்றிப் பேசியாக வேண்டும், காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிய வேண்டும்.

5. கேபிள்: பாதிக் கோளாறு இங்கேதான்

இந்தப் பகுதிக்கு அவசரப்படாமல் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். இருவர் தேவை: ஒருவர் காக்பிட்டில், ஒருவர் எஞ்சின் அருகில். எஞ்சின் ஓடக் கூடாது.

முதலில் பயணத்தைப் பாருங்கள். காக்பிட்டில் பிடியை முழுதாகத் தள்ளும்போது, கார்புரேட்டர் லிவர் அதன் முழுத் திறப்பு நிறுத்தத்தில் முட்ட வேண்டும். முழுதாக இழுக்கும்போது ஐடில் திருகில் முட்ட வேண்டும். இரண்டு முனையிலும் கார்புரேட்டர் பக்கம் முதலில் முட்டி, அதன் பிறகும் பிடியில் சுமார் 3 மி.மீ. மிச்சம் இருக்க வேண்டும். பிடி முதலில் முட்டிவிட்டால் எஞ்சினுக்கு முழு சக்தியோ சரியான ஐடிலோ கிடைக்காது.

அடுத்தது மேலுறை. கேபிளின் உள் கம்பி மட்டும் நகர வேண்டும், வெளி உறை நகரக் கூடாது. உதவியாளர் பிடியை முன்னும் பின்னும் அசைக்கட்டும். நீங்கள் உறையை மட்டும் பாருங்கள். எங்காவது அது வளைந்து நெளிந்தால், அல்லது கிளாம்புக்குள் வழுக்கினால், த்ராட்டிலின் அசைவில் ஒரு பங்கு அங்கே வீணாகிறது. உறையின் முனை எஞ்சின்மேல் பொருத்தப்பட்டிருக்க வேண்டும், விமானத்தின் சட்டத்தில் அல்ல. எஞ்சின் ரப்பர் மவுண்ட்களில் அசையும். உறை சட்டத்திலும் லிவர் எஞ்சினிலும் இருந்தால், எஞ்சின் சாயும் ஒவ்வொரு முறையும் லிவர் தானாக இழுபடும். சக்தி கொடுக்கும்போது ஆர்.பி.எம். ஊசலாடும் விமானங்களில் இதை முதலில் பாருங்கள்.

இப்போது உள் கம்பி. லிவரில் திருகால் நெரித்துப் பிடித்திருக்கும் இடத்தை, நல்ல வெளிச்சத்தில், உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். கம்பி பல நூல்களால் முறுக்கப்பட்டது. திருகின் முனை அந்த நூல்களை ஒவ்வொன்றாக அறுக்கும். ஒரு மெல்லிய துணியை அந்த இடத்தில் மெதுவாக இழுத்தால், அறுந்த நூல் ஒன்று இருந்தாலும் துணி மாட்டிக்கொள்ளும். ஒரே ஒரு நூல் அறுந்திருந்தாலும் கேபிளை மாற்றுங்கள். அறுந்த நூலை வெட்டிவிட்டுப் பறப்பது, மீதி நூல்களுக்குக் கூடுதல் சுமை கொடுப்பது மட்டுமே.

டர்பன், ரிச்சர்ட்ஸ் பே போன்ற கடலோரங்களில் வைத்திருக்கும் விமானத்தில் உப்புக் காற்றால் கம்பி உறைக்குள்ளேயே துருப்பிடிக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. கேபிளின் லிவர் முனையைக் கழற்றி, உள் கம்பியை விரல்களால் மட்டும் இழுத்துப் பாருங்கள். சீராக வர வேண்டும். ஓரிடத்தில் பிடித்து விடுவிப்பது போலிருந்தால் ஆயில் ஊற்றிச் சமாளிக்காதீர்கள். உள்ளே டெஃப்ளான் உறை கொண்ட கேபிள்களுக்கு ஆயில் தேவையே இல்லை. ஹைவெல்டின் குளிர்காலத் தூசி ஆயிலோடு சேர்ந்தால் பசையாகிவிடும்.

பிடி ஒன்று, கார்புரேட்டர் இரண்டு என்பதால் பல விமானங்களில் ஒரு கேபிள் இரண்டாகப் பிரியும் சிறு பெட்டி இருக்கும். அதைத் திறந்து உள்ளே நகரும் துண்டு தேய்ந்திருக்கிறதா, சாய்ந்து ஓடுகிறதா என்று பாருங்கள். சாய்ந்தால் ஒரு கார்புரேட்டர் மற்றதைவிட முந்தித் திறக்கும்.

ஃபயர்வாலுக்கு (எஞ்சினையும் காக்பிட்டையும் பிரிக்கும் தீத்தடுப்புச் சுவருக்கு) முன்பக்கம் பிளாஸ்டிக் டை எதுவும் இருக்கக் கூடாது. சூட்டில் இளகும், பிறகு கேபிள் எக்ஸாஸ்ட் குழாயில் போய்ச் சாயும். உலோக கிளாம்ப், ரப்பர் மெத்தையுடன், அதுதான் சரி. லைகமிங்கில் த்ராட்டில், மிக்சர் லிவர்களில் ராட்-எண்ட் பேரிங் (உருண்டை மூட்டு) இருக்கும். அந்த போல்ட்டில் காசல் நட்டும் (பள்ளம் வெட்டிய நட்) அது கழலாமல் தடுக்கும் காட்டர் பின்னும் வேண்டும், பேரிங்கின் வெளிப்பக்கம் அகலமான வாஷரும் வேண்டும். பேரிங்கின் உருண்டை கழன்றாலும் அந்த வாஷர் கேபிளைப் போக விடாது. சில ராண்ட் விலைதான். ஆனால் பலர் போடுவதில்லை.

கடைசியாக ஓட்டிப் பார்க்கும் சோதனை. எஞ்சின் சூடான பிறகு, பிடியில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, கீழிருந்து ஏற்றி அந்தக் கோட்டுக்கு வாருங்கள், ஆர்.பி.எம்.மைக் குறியுங்கள். பிறகு மேலிருந்து இறக்கி அதே கோட்டுக்கு வாருங்கள். இரண்டு எண்களும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். 100-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் கேபிளில் தளர்ச்சியோ உராய்வோ இருக்கிறது, கார்புரேட்டருக்குப் போகாதீர்கள், மேலே சொன்னதைத் திரும்பப் பாருங்கள்.

6. இரண்டு கார்புரேட்டர்களையும் சமன்செய்தல்

கேபிள் சரி என்று தெரிந்த பிறகுதான் இது. அரை நாள் வேலை. தேவையானவை: இரண்டு வேக்கும் கேஜ்கள் (உறிஞ்சும் அழுத்தத்தை அளப்பவை), ஒரே மாதிரியானவை, மோட்டார் சைக்கிள் கடையில் கிடைப்பதே போதும், 0.1 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு), அளவான ரப்பர் குழாய்.

முதலில் எஞ்சினை நிறுத்தி இயந்திர முறையில். இரண்டு கேபிளையும் தளர்த்தி, ஒவ்வொரு கார்புரேட்டரின் ஐடில் திருகையும் லிவரைத் தொடாதபடி வெளிப்பக்கம் திருகுங்கள். இடையில் 0.1 மி.மீ. ஃபீலரை வைத்து, அது பிடிபடும்வரை திருகி, ஃபீலரை எடுத்துவிட்டு மேலும் ஒன்றரைச் சுற்று உள்ளே திருகுங்கள். ஐடில் மிக்சர் திருகை மெதுவாக முழுதும் மூடி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். அழுத்தி மூடினால் அதன் கூர்முனை சேதமாகும். பிறகு கேபிள்களை மாட்டி, ஐடிலில் ஒவ்வொன்றிலும் சுமார் 1 மி.மீ. தளர்ச்சி விட்டு, இரண்டு லிவர்களும் ஒரே கணத்தில் நகரத் தொடங்குகின்றனவா என்று பாருங்கள்.

அடுத்து கேஜ்கள். இரண்டு இன்டேக் மானிஃபோல்டுகளையும் இணைக்கும் சமன் குழாயைக் கழற்றி, ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு கேஜ். இணைப்பை விட்டுவைத்து அளந்தால் ஒரு பக்கத்தின் குறையை மறுபக்கம் மறைத்துவிடும். தொடங்கும் முன் கேஜ்களைச் சோதிக்க, இரண்டையும் ஒரே பக்கத்தில் மாற்றி மாற்றி மாட்டிப் பாருங்கள். ஒரே எண்ணைக் காட்டாத கேஜோடு சமன்செய்தால் கோளாறைப் புதிதாக உண்டாக்குவீர்கள்.

வால் கட்டியிருக்கிறது, கட்டைகள் இருக்கின்றன, காக்பிட்டில் பொறுப்பான ஒருவர் பிரேக் பிடித்திருக்கிறார். ஆயில் 50 டிகிரியைத் தாண்டட்டும். ஐடிலில் கேஜ்கள் வேறுபட்டால் ஐடில் திருகுகளைத் திருத்துங்கள். 2,500 ஆர்.பி.எம். பக்கம் வேறுபட்டால் கேபிளின் திருத்து-திருகைத் திருத்துங்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் எஞ்சினை நிறுத்துங்கள். ஓடும் எஞ்சினில் கைநீட்டித் திருத்துவது பழக்கமாகிவிட்டவர்களைப் பார்த்து நீங்களும் செய்யாதீர்கள்.

ஐடிலை 1,400-க்குக் கீழே வைக்காதீர்கள். மெதுவாகச் சுற்றுவது கேட்க அமைதியாக இருக்கும், ஆனால் கியர்பாக்ஸ் ஒவ்வொரு துடிப்பிலும் அடிபடும். முடிந்ததும் 4,000 ஆர்.பி.எம்.மில் இக்னிஷன் சோதனை: இரண்டு இக்னிஷன் சர்க்யூட்களில் ஒன்றை ஆஃப் செய்தால் ஆர்.பி.எம். இறக்கம் 300-ஐத் தாண்டக் கூடாது, இரண்டு சர்க்யூட்களுக்கும் இடையே வித்தியாசம் 115-க்குள். லைகமிங்கில் வழக்கமான வரம்பு 175, வித்தியாசம் 50.

சோக் (குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப எரிபொருளைக் கூட்டும் அமைப்பு) கேபிள்களை மறக்க வேண்டாம். பிடி மூடிய நிலையில் இருந்தும், கார்புரேட்டரில் சோக் லிவர் ஒரு பக்கம் மட்டும் சற்றுத் திறந்து நின்றால், அந்தப் பக்கம் எரிபொருள் கூடி ஐடிலில் எஞ்சின் குலுங்கும். சமன்செய்து சமன்செய்து ஓய்ந்துபோனவர்கள் கடைசியில் கண்டுபிடிப்பது பல நேரங்களில் இதைத்தான்.

7. கார்புரேட்டருக்குள்ளும் டேங்க்குக்கு அருகிலும்

ஐடிலில் நன்றாக இருந்து, 3,000-க்கு மேல் ஒரு பக்கம் இழுக்க மறுத்தால் டயாஃப்ராமை (மெல்லிய ரப்பர் சவ்வை) பாருங்கள். இந்தக் கார்புரேட்டரில் த்ராட்டில் லிவர் தட்டை மட்டும் திறக்கிறது. எரிபொருளை அளக்கும் பிஸ்டனைத் தூக்குவது வேக்கும். டயாஃப்ராம் கிழிந்தால் பிஸ்டன் எழாது. மேல்மூடியைக் கழற்றி, ரப்பரை வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பார்த்தால் ஊசித்துளைகூடத் தெரியும்.

எரிபொருள் சொட்டுகிறது, அல்லது எப்போதும் ரிச்சாக ஓடுகிறது என்றால் மிதவைகள். கீழ்க் கிண்ணத்தைக் கழற்றி, ஒரு கார்புரேட்டரின் இரண்டு மிதவைகளையும் சேர்த்து எடைபோடுங்கள். 7 கிராமைத் தாண்டினால் எரிபொருளை உறிஞ்சியிருக்கின்றன, மாற்ற வேண்டும். 0.1 கிராம் வரை காட்டும் தராசு வேண்டும்; சமையலறைத் தராசு 1 கிராம் படிகளில் காட்டுவது என்றால் இதற்கு உதவாது.

கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் ரப்பர் ஃபிளாஞ்சில் வெடிப்பு இருந்தால் காற்று புகுந்து ஐடில் ஏறும், இறங்க மறுக்கும். எஞ்சினை நிறுத்தி, கார்புரேட்டரை மெதுவாக அசைத்து, வளையும் இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். ராட்டாக்ஸ் ரப்பர் பாகங்களை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது. குறைவாகப் பறந்தேன் என்பதற்காக ரப்பரின் வயது நிற்காது.

எரிபொருள் அழுத்தம் கார்புரேட்டர் வகையில் 0.15-லிருந்து 0.4 பார் வரை. புதிய பம்ப் உள்ளவற்றில் மேல்வரம்பு 0.5 பார். அழுத்தம் சரியாக இருந்து, இருபது நிமிடம் பறந்த பிறகு மட்டும் எஞ்சின் தடுமாறினால் டேங்க் வென்ட்டைப் பாருங்கள். இங்கே மண்குளவி மிகச் சின்னத் துளைக்குள்ளும் கூடு கட்டும். ஹேங்கரில் சில வாரம் நின்றாலே போதும். கம்பியால் குத்தி உள்ளே தள்ளாதீர்கள், குழாயைக் கழற்றி ஊதுங்கள். கார்புரேட்டரின் வென்ட் குழாய்கள் நேரடிக் காற்று அடிக்கும் இடத்தில் தொங்கினாலும் கலவை மாறும்.

எரிபொருளின் தரம்: ஹைவெல்டின் பெட்ரோல் நிலையங்களில் 93 ஆக்டேன் தாராளமாகக் கிடைக்கும். 80 குதிரைத்திறன் 912 யூ.எல். குறைந்தது 90 கேட்கிறது, ஆகவே அதற்குப் பிரச்சினை இல்லை. 100 குதிரைத்திறன் 912 யூ.எல்.எஸ். குறைந்தது 95 கேட்கிறது. அதில் 93-ஐ ஊற்ற வேண்டாம். கேனில் வாங்கி வருபவர் வேறொருவர் என்றால் எண்ணை எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.

8. இன்ஜெக்ஷன் எஞ்சின் என்றால்

912 ஐ.எஸ். வகையில் கணினியே எரிபொருளைப் பீய்ச்சுவதால் கார்புரேட்டர் சமன்செய்யும் வேலை இல்லை. லேன் ஏ, லேன் பி என இரண்டு கணினித் தடங்கள். எச்சரிக்கை விளக்கு வந்தால் அது சிமிட்டியதா, நிலையாக எரிந்ததா, எந்த லேன் என்பதை உடனே எழுதுங்கள். மேனுவலில் இரண்டுக்கும் வெவ்வேறு கட்டளைகள் உள்ளன. எரிபொருள் அழுத்தம் 2.8 முதல் 3.2 பார். பதிவான பிழைகளைப் படிக்க உற்பத்தியாளரின் மென்பொருளும் இணைப்புக் கருவியும் உள்ள சர்வீஸ் மையத்துக்குப் போக வேண்டும். கனெக்டர்களைக் கழற்றித் துடைத்துவிட்டுப் போகாதீர்கள், கனெக்டருக்குள் எந்த முனை தளர்ந்திருந்தது என்று பிறகு யாருக்கும் தெரியாது.

ஆனால் போகும் முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். இந்த எஞ்சின் த்ராட்டில் ஏறத்தாழ 97 சதவீதத்தைத் தாண்டினால்தான் சிக்கன நிலையிலிருந்து முழு சக்தி நிலைக்கு மாறும். கேபிள் சரியாகச் செட் ஆகாமல் 94-லேயே நின்றுவிட்டால், புறப்படும்போது சக்தி குறைவாகவே இருக்கும், எந்த விளக்கும் எரியாது. மானிட்டரில் த்ராட்டில் சதவீதம் தெரியும். முழுதாகத் தள்ளிப் படித்துப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

9. செலவும் நாட்களும்

பாகங்கள் யூரோவிலோ டாலரிலோ விலை சொல்லப்படுகின்றன. உள்நாட்டு விநியோகஸ்தரிடம் இருந்தால் அங்கேயே வாங்குங்கள், விலை சற்றுக் கூடினாலும் நாட்கள் மிச்சம். வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைத்தால் வாட் 15 சதவீதம் பாகத்தின் விலைமேல் மட்டும் அல்ல. விலையோடு 10 சதவீதம் கூட்டி, சுங்க வரி இருந்தால் அதையும் சேர்த்து, அதன்மேல் கணக்கிடுவார்கள். சுங்க வரி இல்லாத 1,000 ராண்ட் பாகத்துக்கு வாட் 165 ராண்ட். கூரியர் கிளியரன்ஸ் கட்டணம் தனி. ஆகவே மிதவைகள், ஃபிளாஞ்ச், டயாஃப்ராம், கேபிள் என ஒவ்வொன்றாக வரவழைக்காதீர்கள். சோதனை முழுவதையும் முடித்து ஒரே பட்டியலாக அனுப்புங்கள்.

உதிரி கேபிள் ஒரு ஜோடி எப்போதும் ஹேங்கரில் இருக்கட்டும். மிகக் குறைந்த செலவில் மிக நீண்ட காத்திருப்பைத் தவிர்க்கும் பாகம் அதுதான்.

ஆத்தாரிட்டி டு ஃப்ளை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியது. அது முடியும் வாரத்தில் எஞ்சினைத் திறந்தால், பாகம் வரவில்லை, ஏ.பி. ஊரில் இல்லை என்று விமானம் மாதக்கணக்கில் தரையில் நிற்கும். முடிவதற்கு மூன்று மாதம் முன்பே கேபிள், ரப்பர், மிதவை சோதனையை முடித்துவிடுங்கள். ஏ.பி.யிடம் நாள் குறிக்கும்போது சமன்செய்யும் வேலைக்கும் தரை ஓட்டத்துக்கும் சேர்த்து ஒரு முழுநாள் கேளுங்கள், ஒரு மணி நேரம் என்று சொல்லி வரவழைக்காதீர்கள்.

10. மூடுவதும் மீண்டும் பறப்பதும்

கழற்றிய ஒவ்வொரு நட்டுக்கும் போல்ட்டுக்கும் மேல் ஒரு கோடு வண்ணம் இடுங்கள். பிறகு நகர்ந்தால் கோடு முறிந்து காட்டிக்கொடுக்கும். கேபிள் இணைப்பைத் தொட்டிருந்தால் இரட்டைச் சோதனை வேண்டும்: செய்தவர் பார்த்த பிறகு, அந்த வேலையில் கை வைக்காத, தகுதியுள்ள இன்னொருவர் புதிதாக முதலிலிருந்து பார்க்க வேண்டும். லாக்புக்கில் என்ன கோளாறு, என்ன கண்டுபிடித்தீர்கள், எதை மாற்றினீர்கள், பாக எண், ஹாப்ஸ் மணி (மீட்டர் காட்டும் ஓட்ட நேரம்), கையெழுத்து எல்லாம் வேண்டும். "கார்ப் அட்ஜஸ்ட் செய்யப்பட்டது" என்று ஒற்றை வரி எழுதினால் அடுத்த ஆண்டு உங்களுக்கே பயன்படாது.

தரையில் முழு த்ராட்டிலில் கொஞ்ச நேரம் ஓட்டி, கௌலிங்கைத் திறந்து கசிவு பாருங்கள். த்ராட்டிலின் உராய்வுத் திருகை இறுக்குங்கள். ராட்டாக்ஸ் கார்புரேட்டர்களின் ஸ்பிரிங் லிவரைத் திறக்கும் திசையில் இழுக்கிறது, உராய்வு தளர்ந்தால் ஐடிலிலிருந்து த்ராட்டில் தானாக முன்னே ஊரும்.

முதல் பறப்பில் தனியாகப் போங்கள், ஏர்ஃபீல்டுக்கு மேலேயே வட்டமிடுங்கள், ஓடுபாதையை அடையும் உயரத்தை விட்டு இறங்காதீர்கள். கேபிள் அறுந்தால் என்ன நடக்கும் என்பதைத் தரையிலேயே முடிவுசெய்துகொள்ளுங்கள். அந்த ஸ்பிரிங்கால் அறுந்த பக்கம் முழுதாகத் திறக்கும். ஒரு கார்புரேட்டர் முழுதாகவும் மற்றது பாதியிலும் இருந்தால் எஞ்சின் கடுமையாக உதறும். உங்கள் கை இயல்பாகவே த்ராட்டிலை இழுக்கப் போகும், அப்போது உதறல் இன்னும் கூடும். முழுதாகத் தள்ளுங்கள், இரண்டு பக்கமும் ஒத்துப்போய் எஞ்சின் சீராகும். அந்தச் சக்தியில் ஏர்ஃபீல்டுக்கு மேலே போதிய உயரத்தில் வந்து, வானொலியில் சொல்லிவிட்டு, ஓடுபாதை நிச்சயமாகக் கைக்கெட்டும் இடத்தில் இக்னிஷனை அணைத்துச் சறுக்கி இறங்குங்கள். உங்கள் விமானத்தில் ஸ்பிரிங்கை யாராவது எதிர்த் திசைக்கு மாற்றியிருந்தால் அறுந்த பக்கம் ஐடிலுக்குப் போகும், அப்போது செய்ய வேண்டியதும் மாறும். ஆகவே கௌலிங் திறந்திருக்கும்போதே ஒரு கேபிளைக் கழற்றி, லிவர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, அதைச் செக்லிஸ்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.